வாய்ப்புண்: வீட்டு மருந்தும் கடை மருந்தும்

வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான மென்தோல், அதாவது சீதச்சவ்வு, சிறு வட்டமாக அரிந்து குழிந்துபோவதால் உண்டாகும் வலிமிக்க புண் வாய்ப்புண் எனப்படுகிறது. நடுவில் வெண்மையான அல்லது வெளிர்மஞ்சளான படலமும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் கொண்ட இப்புண், உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய மெல்லிய இடங்களில் தோன்றும். மருத்துவர்கள் ஆப்தஸ் புண் என்று குறிக்கும் இவ்வகை, ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு வாழ்வின் ஏதேனும் ஒரு காலத்தில் திரும்பத் திரும்ப வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாதது. பெரும்பாலும் இளமையில் தொடங்கி, வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது.

10 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுடைய சிறுபுண்களே மிகுதி. இவை 7 முதல் 14 நாட்களுக்குள் தழும்பின்றித் தாமாகவே ஆறுகின்றன. அதைவிடப் பெரிய புண்கள் ஆழமாகி, வாரக்கணக்கில் நீடித்துத் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் கொத்தாகத் தோன்றும் மூன்றாம் வகையும் உண்டு, அது அரிது. சிறுபுண் எந்த மருந்தும் இல்லாமலே இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்பதால், அந்த நாட்களில் பயன்படுத்திய எந்தப் பொருளுக்கும் குணப்படுத்திய பெயர் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு மருந்தை மதிப்பிடும்போது, அது வலியைத் தணிக்கிறதா, ஆறும் காலத்தைக் குறைக்கிறதா, மீண்டும் வராமல் தடுக்கிறதா என்ற மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தச் சவ்வையே தாக்குவதால் இப்புண் உண்டாகிறது என்பது இன்றைய விளக்கம். அத்தாக்குதலைத் தூண்டுபவை பல: பல்லால் கடித்துக்கொள்ளுதல், உடைந்த பல்லின் கூர்முனை, பொருந்தாத பல்செட்டு, தூக்கமின்மை, மன உளைச்சல், மாதவிலக்கை ஒட்டிய உடல் மாற்றம், குடும்ப வழி, இரும்புச்சத்து அல்லது பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு. புகைப்பழக்கத்தை விட்ட முதல் வாரங்களிலும் சிலருக்குப் புண் வருவதுண்டு; அதற்காக மீண்டும் புகைக்கத் தொடங்குவது பெருந்தவறு. பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்குப் புண்ணைத் தூண்டுவதால், அடிக்கடி அவதிப்படுவோர் அது சேராத பற்பசைக்குச் சில மாதங்கள் மாறிப் பார்ப்பது பயன் தரும். வயிற்றில் புண் இருப்பதால்தான் வாயிலும் புண் வருகிறது என்று தமிழ்நாட்டில் பரவலாக நம்பப்படுகிறது. இரைப்பைப் புண்ணுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கோதுமைப் புரதத்தை ஏற்காத சீலியாக் நோய், குடல் அழற்சியான குரோன் நோய் ஆகியவற்றில் வாய்ப்புண் ஓர் அறிகுறியாக வருவதால், அந்த நம்பிக்கையை முழுதாகப் புறந்தள்ளவும் முடியாது.

வீட்டு மருந்துகள்

மிக எளியதும் தீங்கற்றதும் உப்புநீரே. ஒரு டம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் உணவுத் துணுக்குகள் நீங்கிப் புண் தூய்மையாகும். உப்பு எரிச்சல் தருமானால் அரை டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்துக் கொப்பளிக்கலாம். அது வாயிலுள்ள அமிலத்தன்மையைக் குறைக்கிறது. உப்புக்கல்லைப் புண்ணின் மேல் வைத்துத் தேய்ப்பது மட்டும் ஏற்கத்தக்கதன்று. அது ஆறத் தொடங்கிய சவ்வை மீண்டும் கிழிக்கும்.

தமிழர் சமையலறையில் வாய்ப்புண் என்றவுடன் நினைவுக்கு வருவது மணத்தக்காளிக் கீரை. பாசிப்பருப்புடன் கடைந்தும், அரிசி களைந்த நீரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செட்டிநாட்டுத் தண்ணிச்சாறாக வைத்தும் உண்ணப்படும் இக்கீரையை, உடற்சூட்டைத் தணிப்பது என்று சித்த மருத்துவ மரபு மதிக்கிறது. இதன் அழற்சி தணிக்கும் இயல்பை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரின் வாய்ப்புண்ணில் பெருமளவில் செய்யப்பட்ட சோதனைகள் குறைவு. எனினும் காரமும் புளியும் இல்லாத, மென்மையான, சத்துள்ள உணவாக அது அமைவதும், தேங்காய்ப்பாலின் கொழுப்பு புண்ணின் மேல் மெல்லிய போர்வையாகப் படிவதும் கண்கூடான பயன்கள். விழுங்கவே அஞ்சும் நாட்களில் வயிறு நிறைய உண்ண வைக்கும் உணவை மருந்து என்று அழைப்பதில் பிழையில்லை. இச்செடியின் பச்சைக்காயில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

நாட்டு மருந்துக்கடைச் சரக்குகளில் மாசிக்காய், கடுக்காய், அதிமதுரம் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. மேற்காசியாவின் ஒருவகை ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் உருவாகும் முண்டே மாசிக்காய். குழந்தைகளுக்கான உரைமருந்தில் சேரும் சரக்குகளில் அதுவும் ஒன்று. மாசிக்காயிலும் கடுக்காயிலும் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப்பொருள், புண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுக்கி மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கொய்யாக் கொழுந்தை மெல்லும் வழக்கத்துக்கும் அடிப்படை இந்தத் துவர்ப்பே. அதிமதுரம் வலியைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில தெரிவிக்கின்றன. ஆனால் அதைத் தொடர்ந்து விழுங்கினால் இரத்த அழுத்தம் ஏறவும் உடலின் பொட்டாசியம் குறையவும் கூடும் என்பதால், இரத்த அழுத்த நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பதே நல்லது. தேன் தடவுவதும் பயனுள்ளதே. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் எக்காரணத்தாலும் தேன் தரக் கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி பாட்டுலிசம் என்னும் தசைச்செயலிழப்பு நோயை உண்டாக்கும்.

இவ்விடத்தில் வெங்காரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையின் நாக்கில் மாவு படிந்தாலோ புண் வந்தாலோ வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் நம்மிடம் மட்டுமன்றி ஆங்கிலேயரிடமும் இருந்தது. வெங்காரம் போரான் சேர்ந்த உப்பு. அது சிறு குழந்தையின் உடலில் தங்கி வாந்தியும் வலிப்பும் உண்டாக்கியதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. பழமையானது என்பது ஒரு பொருளைப் பாதுகாப்பானதாக்காது. அவ்வாறே கிராம்பெண்ணெயை நீர்க்காமல் வைப்பதும், ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் அடைப்பதும் சவ்வை வேகவைத்து, சிறுபுண்ணைப் பெரும்புண்ணாக்குகின்றன.

கடை மருந்துகள்

வலியைத் தணிக்க இந்திய மருந்துக்கடைகளில் பெரிதும் விற்பனையாவது கோலின் சாலிசிலேட், லிக்னோகெய்ன் ஆகியவை கலந்த ஜெல். முன்னது அழற்சியைக் குறைக்க, பின்னது நரம்பு முனைகளை மரக்கச் செய்கிறது. உணவுக்குச் சற்று முன் சிறிதளவு தடவினால் உண்பது எளிதாகும். வாய் மரத்திருக்கும்போது சூடானதை உண்டால் சுடுவதே தெரியாது என்பதால் கவனம் தேவை. சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுப் பொருளாதலால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கூறு ஏற்படுமோ என்ற அச்சத்தில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு இத்தகைய ஜெல் வேண்டாம் என்று 2009இல் பிரிட்டன் அறிவுறுத்தியது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் லிக்னோகெய்ன் தடவுவதற்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. விழுங்கப்படும் லிக்னோகெய்ன் வலிப்பையும் இதயக் கோளாற்றையும் உண்டாக்கக்கூடியது.

கொப்பளிக்கும் மருந்துகளில் 0.15 விழுக்காடு பென்சிடமைன் வலியைத் தணிக்கிறது. 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கிருமிகளைக் குறைத்துப் புண்ணின் கடுமையைத் தணிக்கக்கூடியது. ஆயினும் நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படிந்து நாவின் சுவையும் மாறும். பற்பசையின் நுரைப்பொருள் இதன் ஆற்றலைக் கெடுப்பதால் பல் துலக்கியபின் அரை மணி நேரம் கழித்தே இதைப் பயன்படுத்த வேண்டும்.

ஆறும் காலத்தையே குறைக்க வல்லவை ஸ்டீராய்டு களிம்புகள். 0.1 விழுக்காடு டிரையம்சினோலோன் அடங்கிய வாய்க்களிம்பை, புண் வரப்போவதை உணர்த்தும் முதல் எரிச்சலிலேயே தொடங்குவது சிறந்தது. உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும், புண்ணின் ஈரத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு, சிறிதளவு களிம்பைத் தேய்க்காமல் அழுத்தி வைத்தால் அது படலமாக ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் மணல் போல் உதிர்ந்துவிடும். வைரசால் வரும் அக்கிப் புண்ணிலும், கேண்டிடா பூஞ்சையால் வரும் வெண்படலத்திலும் ஸ்டீராய்டு நோயை வளர்க்கும் என்பதால், எது எந்தப் புண் என்று தெரியாமல் இதைக் கடையில் கேட்டு வாங்குவது ஆபத்தானது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் சாதாரண வாய்ப்புண்ணுக்குப் பயனில்லை.

வாய்ப்புண் வந்தால் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போடும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. பி வைட்டமின்களில் ஒன்றான ரைபோஃபிளேவின் குறைவால் கடைவாய் வெடித்துப் புண்ணாகும்போது அது நன்கு வேலை செய்கிறது. வட்டமான ஆப்தஸ் புண்ணில் எல்லாருக்கும் அவ்வாறு வேலை செய்வதில்லை. இஸ்ரேலில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் 1,000 மைக்ரோகிராம் பி12 எடுத்தவர்களில் ஆறாம் மாதத்தில் 74 விழுக்காட்டினர் புண்ணின்றி இருந்தனர். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 32 விழுக்காடே. ஆய்வில் பங்கேற்றோர் அறுபதுக்கும் குறைவானவர்களே. முற்றிலும் சைவ உணவு உண்போர், முதியோர், நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர் ஆகியோருக்கு பி12 குறைவு வரும் வாய்ப்பு மிகுதியாதலால், அடிக்கடி புண் வரும் இவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மாதந்தோறும் களிம்பு வாங்குவதைவிட மேலானது. பி12 குறைவு இருப்பதை அறியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துவந்தால் இரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

ஆறாத புண்

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் ஒரே இடத்தில் நிற்கும் புண், வலி இல்லாவிட்டாலும், புற்றுநோயாக இருக்கக்கூடும். வலியே இல்லாததால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் இதில் பெருந்துயரம். புகையிலை மட்டுமன்றி, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கு மெல்வோருக்குச் சவ்வு இறுகி வாய் திறக்க இயலாமல் போகும் சவ்வடி நார்த்தடிப்பு நோயும் வருகிறது. காரம் பட்டால் வாய் முழுதும் எரிவது அதன் தொடக்க அறிகுறி. புண்ணின் விளிம்பு கெட்டியாதல், வெண்மையான அல்லது சிவந்த திட்டு, கழுத்தில் கட்டி ஆகியவை தோன்றினால் பல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ சிறு திசுவை எடுத்துப் பரிசோதிப்பார். வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்புப் புண்ணும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், துருக்கிய மருத்துவர் ஹுலூசி பெசெட் 1937இல் விவரித்த பெசெட் நோயா என்று ஆராயப்படும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வாயெங்கும் புண் தோன்றினால் அது மருந்து மிகுந்துபோனதன் அறிகுறியாகலாம். அவர் வீட்டு மருந்தை நாடாமல், அடுத்த வேளை மாத்திரையை எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.