முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு மண்

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் காயலில் கலக்கும் இடத்தில் அமைந்தது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. காடும் களரும் காயலுமாகச் சுமார் 12,000 ஹெக்டேர். இதன் மண், ஆறுகள் கொண்டுவந்து படியவிட்ட வண்டல் களி. நீர் ஊறி, காற்றுப் புகாமல் கிடப்பதால் இலையும் வேரும் மெதுவாகவே மக்குகின்றன. சேற்றைக் கிளறினால் கந்தக வாடை எழும்.

தஞ்சை மராட்டியர் நிறுவிய சத்திரங்களின் நிர்வாகத்தில் இக்காடு நெடுங்காலம் இருந்தது. பின்னர் ஆங்கிலேய அரசின் வனத்துறை ஏற்றபோது கூப்பு முறை வந்தது. காட்டைப் பாத்திகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொன்றையும் அடியோடு வெட்டினர். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்ற நம்பிக்கை மலைக்காட்டு அனுபவத்தில் பிறந்தது. உப்பங்கழியில் அது பலிக்கவில்லை.

நிழல் போனதும் வெயில் நேரே களியில் விழுந்தது. ஈரம் வற்றி, மக்கு கரைந்து, தரை சற்றே அமுங்கித் தட்டுப்போலக் குழிந்தது. பெரிய ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடியாமல் அங்கேயே தங்கி ஆவியானது. உப்பு மட்டும் மிஞ்சியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் இப்பள்ளங்களின் உப்பு அதை வெகுவாக மிஞ்சும். அலையாத்தி விதை அங்கே வேர்பிடிப்பதில்லை; உமரி மட்டும் படரும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் நன்னீர் வரத்துக் குறைந்ததும் கால்நடை மேய்ச்சலும் காரணங்களாகச் சொல்லப்படுவதுண்டு. அவை கேட்டை வளர்த்தன; தொடக்கம் கூப்பு வெட்டுதான்.

மருந்து உள்ளூரிலேயே இருந்தது. மீன்பிடிக்க ஊரார் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டிவந்தனர். ஓதத்தோடு மீன் உள்ளே வரும், வற்றத்தில் வாய்முகத்தில் பிடிபடும். அந்த வாய்க்கால் கரைகளில் அலையாத்தி செழித்து நின்றது. மண்ணுக்குத் தேவை உரமன்று, நீர் வந்துபோகும் வழியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் தாய்வாய்க்காலும் கிளைகளும் வெட்டி, வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில் அலையாத்திக் கன்று நட்டனர். நாள்தோறும் ஓதம் கழுவியதில் உப்பு இறங்கியது. பிச்சாவரத்திலும் இதே முறை பலனளித்தது.

2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைப் பெருமளவு முறித்தது. வாய்க்கால் தூர்ந்த இடங்களில் உப்பு மீண்டும் ஏறுவதால் தூர்வாரல் இன்றும் தேவைப்படுகிறது.