இருபத்து நான்காம் எண் எல்ம் மரம்

ஒரு மரத்துக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்தார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அந்தப் பெண் உயிரோடு இல்லை. சரி, மரமாவது அவர் பெயரைக் காப்பாற்றியதா என்றால், அதுவும் அரைகுறையாகத்தான். நெதர்லாந்தில் நடந்த கதை இது. பெண்ணின் பெயர் கிறிஸ்டின் பாய்ஸ்மன். மரத்தின் பெயரும் அதேதான்!

எல்ம் என்றால் என்ன மரம் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. நம்மூரில் கோடைக்காலத்தில் காகித வட்டம் மாதிரி விதைகளைக் காற்றில் பறக்கவிடும் ஆயா மரம் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பம்தான். ஐரோப்பாவில் சாலை ஓரம், கால்வாய்க் கரை, வயல் வரப்பு எங்கே பார்த்தாலும் ஒரு காலத்தில் எல்ம் நின்றது. நெதர்லாந்துக்காரர்களுக்கு இது ரொம்பவே வேண்டிய மரம். அந்த நாட்டில் கணிசமான நிலம் கடலோடு சண்டை போட்டு வாங்கியது. உப்புக் காற்றையும் ஈர மண்ணையும் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற பெரிய மரங்கள் அதிகம் கிடையாது. எல்ம் தாங்கியது. அதன் கட்டை தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது என்பதால் படகுக்கும், தண்ணீர்க் குழாய்க்கும்கூடப் பயன்பட்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அப்போது யாருக்கும் சிக்கலாகத் தெரியவில்லை. நெதர்லாந்தில் அதிகமாக நடப்பட்டது 'பெல்ஜிகா' என்ற ஒரே ரகம். விதை போட்டு வளர்த்ததல்ல. பதியன் போட்டுப் பெருக்கியது. அதாவது, நாடு முழுக்க நின்றவை ஒரே மரத்தின் நகல்கள். உயரம் ஒரே மாதிரி, வடிவம் ஒரே மாதிரி, வரிசையாகப் பார்க்க அவ்வளவு அழகு! மொத்தச் சேமிப்பையும் ஒரே சீட்டுக் கம்பெனியில் போட்ட கதைதான் இது. கம்பெனி ஓடும்வரை எல்லோரும் புத்திசாலிகள்.

கம்பெனி முதல் உலகப் போர் முடிந்த கையோடு மூழ்கத் தொடங்கியது. நடுக் கோடையில், இலையுதிர் காலத்துக்கு எத்தனையோ நாள் இருக்கும்போதே, மரத்தின் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகும். இலை சுருளும், காயும். அடுத்து இன்னொரு கிளை. சில மரங்கள் ஒரே பருவத்தில் செத்தன. காய்ந்த கிளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள். நெதர்லாந்தின் தாவர நோய்ப் பணித்துறையில் வேலை பார்த்த டினா ஸ்பீரன்பர்க் என்ற பெண்மணி 1921-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். காரணம் என்ன? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போரில் வீசிய விஷவாயு என்றார்கள். வறட்சி என்றார்கள். பாக்டீரியா என்று ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்.

இப்போது பார்ன் என்ற சிற்றூருக்குப் போவோம். அங்கே ஒரு பங்களாவில் 'வில்லி கொம்மலின் ஸ்கோல்டன்' தாவர நோய் ஆய்வகம் இயங்கியது. அதன் இயக்குநர் யோஹன்னா வெஸ்டர்டைக். 1906-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 23. 1917-ல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியர் அவர்தான். கண்டிப்பான வாத்தியாரம்மா என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வேலை நேரத்தில் வேலை, வேலை முடிந்தால் விருந்து, நடனம் என்று வாழ்ந்தவர். அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் 56 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்ம் நோயின் ஆரம்ப ஆராய்ச்சி முழுவதையும் சுமந்தவர்கள் என்று ஏழு டச்சுப் பெண்களைக் குறிப்பிடுவார்கள். அவர்களில் பலர் இந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள்.

முதலில் வந்தவர் பியா ஸ்வார்ஸ். காய்ந்த கிளைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்து, இதுதான் குற்றவாளி என்று 1922-ல் தன் ஆய்வேட்டில் சொன்னார். 'கிராஃபியம் உல்மி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். பலர் நம்பவில்லை. பட்டம் பெற்றதும் ஸ்வார்ஸ் அன்றைய டச்சு கிழக்கிந்தியாவுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, நிலக்கடலை நோய்களை ஆராயப் போய்விட்டார். வழக்கு தீர்ப்பு இல்லாமல் நின்றது.

அந்த வழக்கை முடித்தவர்தான் கிறிஸ்டின் பாய்ஸ்மன். 1900-ல் லேவார்டன் நகரில் பிறந்தவர். 1927-ல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு எல்ம் வேலையில் இறங்கினார். ஆரோக்கியமான எல்ம் மரங்களுக்குள் அந்தப் பூஞ்சையைச் செலுத்தினார். மரங்கள் அதே மாதிரி வாடின. வாடிய மரத்திலிருந்து அதே பூஞ்சை திரும்பக் கிடைத்தது. ஸ்வார்ஸ் சொன்னது சரி! ஐந்து வருடச் சண்டை அதோடு அடங்கியது. அடுத்தவர் கண்டுபிடிப்பைச் சரி என்று நிரூபிப்பதற்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் அந்த நிரூபணம் இல்லையென்றால் அடுத்த அடி எடுத்து வைத்திருக்கவே முடியாது.

இந்த நோய் கொல்லும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. சாகும் நிலையில் உள்ள எல்மின் பட்டைக்கு அடியில் ஒரு சின்ன வண்டு முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து வெளியே வரும்போது உடம்பில் பூஞ்சை வித்துகள் ஒட்டியிருக்கும். அவை நல்ல மரத்தின் இளங்கிளையைக் கடிக்கும்போது வித்து உள்ளே போய்விடும். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்களில் பூஞ்சை பரவும். மரம் சும்மா இருக்குமா? பூஞ்சையை நிறுத்த அந்தக் குழாய்களைப் பிசின் மாதிரியான பொருளால் தானே அடைக்கிறது. பூஞ்சை முந்திக்கொண்டால் அடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான், தண்ணீரும் நின்றுவிடும். திருடனைப் பிடிக்க வீட்டுக் கதவை எல்லாம் பூட்டி உள்ளேயே பட்டினி கிடந்த மாதிரி.

எந்த மரத்தையும் ஊசி போட்டுச் சோதிக்கலாம் என்பதுதான் பாய்ஸ்மன் வேலையால் கிடைத்த லாபம். வியாதி தானாக வரட்டும் என்று பத்து வருடம் காத்திருக்க வேண்டாம். பல நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்தார். எல்லாவற்றுக்கும் பூஞ்சை செலுத்தப்பட்டது. வாடியவை போக, தாங்கியவை மட்டும் மறுபடி சோதனைக்கு. ஆயிரக்கணக்கில் கொல்லத்தான் வேண்டும், நாலைந்து பிழைக்க. இதற்கிடையே 1929-ல் அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். அவர் அங்கே இருந்த காலத்தில், 1930-ல், ஒஹாயோ மாநிலத்தில் அமெரிக்காவின் முதல் நோய் மரங்கள் அடையாளம் காணப்பட்டன. அந்த வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. பிரான்ஸிலிருந்து மரப்பலகைத் தொழிலுக்காகக் கப்பலில் போன எல்ம் கட்டைகளோடு வண்டும் டிக்கெட் இல்லாமல் போயிருக்கிறது.

மாட்ரிட் நகரத்திலிருந்து வந்த விதைகளில் முளைத்த ஒரு கன்று மட்டும் ஊசிக்கு மேல் ஊசி போட்டும் அசையவில்லை. பதிவேட்டில் அதற்கு எண் 24. அவ்வளவு தேடியதற்கு உருப்படியாகக் கிடைத்த முதல் மரம். ஆனால் அது நர்சரிக்குப் போய் விற்பனைக்கு வருவதைப் பாய்ஸ்மன் பார்க்கவில்லை. 1936 மார்ச்சில் அவர் இறந்துபோனார். வயது 36. எல்ம் வேலையில் அவர் இருந்தது ஒன்பதே வருடம். 24-ஆம் எண் மரத்துக்கு 'கிறிஸ்டின் பாய்ஸ்மன்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். எல்ம் நோயைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்ட முதல் டச்சு ரகம் அதுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

வெளியே போய் நட்டுப் பார்த்தபோது எல்ம் நோயை அந்த மரம் தாங்கியது, உண்மை. ஆனால் நெதர்லாந்தின் ஈரக் குளிரில் வேறொரு பூஞ்சை, பவளப்புள்ளி நோய், அதன் கிளைகளைப் பிடித்துக்கொண்டது. வளர்ச்சியும் கோணல் மாணல். தெருவில் வரிசையாக நட லாயக்கில்லை. சொந்த ஊரிலேயே அதை நடுவதை விட்டுவிட்டார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கி, மற்ற எல்லாவற்றிலும் கோட்டைவிட்ட மாணவன் மாதிரி. இதில் பாய்ஸ்மனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தேடியது ஒரே ஒரு குணம். அவசரம் அப்படி.

ஸ்வார்ஸுக்கும் ஒரு மரம் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டு எல்மிலிருந்து தேர்ந்தெடுத்த 'பியா ஸ்வார்ஸ்' 1948-ல் வெளிவந்தது. அவர் அதற்குள் இந்தோனேசியாவில் ஜப்பானியர்களின் முகாமில் அடைபட்டு, போர் முடிந்து தாய்நாடு திரும்பியிருந்தார். தன் பெயர் கொண்ட மரத்தைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு வாய்த்தது. அந்த மரமும் வடிவத்தில் சுமார்தான். ஆனால் அடுத்த தலைமுறைக் கலப்புக்கு நல்ல தாயாக இருந்தது.

1960-ல் 'கொம்மலின்' வந்தது. இதில் எல்லாம் சரி. வேகமாக வளர்ந்தது, நேராக நின்றது, நோயைத் தாங்கியது. தெருத் தெருவாக நட்டார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு பத்து வருடம்கூட நிற்கவில்லை.

1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வட அமெரிக்காவிலிருந்து எல்ம் கட்டைகள் வந்தன. பட்டை உரிக்காத கட்டைகள். உள்ளே இருந்தது பழைய பூஞ்சை அல்ல, அதைவிடப் பல மடங்கு மூர்க்கமான இன்னொன்று. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் எல்ம் மரங்கள் செத்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிரேசியர், கிப்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கட்டைகளின் வழியைத் தேடிப் பிடித்து 1973-ல் வெளியிட்டார்கள். 1991-ல் அது தனி இனமாகவே பெயரிடப்பட்டது. 'கொம்மலின்' இந்தப் புதியவனிடம் தோற்றது. பழைய பூஞ்சையை வைத்துச் சோதித்த மரத்துக்குப் புதிய பூஞ்சை பாடத்திட்டத்திலேயே இல்லையே! கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால், நோய் எதிர்ப்பு நிலையான சொத்துதான்; ஆனால் தேய்மானம் போட மறந்துவிட்டார்கள்.

இங்கிலாந்தின் நிலைமை இவ்வளவு மோசமானதற்கு இன்னொரு காரணம் 2004-ல் தெரியவந்தது. மரபணுச் சோதனையில், இங்கிலீஷ் எல்ம் என்று அந்த நாட்டு ஓவியர்கள் எல்லாம் தீட்டித் தீர்த்த மரம், ரோமானியர்கள் கொண்டுவந்த ஒரே மரத்தின் நகல் என்று கண்டுபிடித்தார்கள். ரோமானிய விவசாய எழுத்தாளர் கொலுமெல்லா திராட்சைக் கொடி படரவிட நல்லது என்று சிபாரிசு செய்த எல்ம் அது. இரண்டாயிரம் வருடமாக வேர்க்கன்றிலிருந்தே பெருகிய ஒரே மரம்! 'பெல்ஜிகா' செய்த தப்பையே இன்னும் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள், தெரியாமலே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 'பிரின்ஸ்டன்' என்று ஒரு எல்ம் ரகம். 1922-ல், நோய் அந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, ஒரு நர்சரிக்காரர் அழகுக்காக மட்டும் பொறுக்கியெடுத்தது. பிறகு பார்த்தால் அது நோயைத் தாங்கியது! ஒருவர் வாழ்க்கையைக் கொடுத்துத் தேடியது இன்னொருவருக்கு லாட்டரியில் விழுந்திருக்கிறது. ஆனால் அதுவும் நன்றாகத் தாங்குகிறது என்பதைப் பிறகு உறுதி செய்ய, பூஞ்சை செலுத்திப் பார்க்கும் அதே சோதனைதான் தேவைப்பட்டது.

டச்சுக்காரர்கள் விடவில்லை. ஹைப்ரூக் என்ற ஆராய்ச்சியாளர் பொறுப்பில் வேலை தொடர்ந்தது. இந்த முறை உதவிக்கு வந்தது நம் நாட்டு மரம். காஷ்மீர், இமாசலப் பக்கம் வளரும் இமயமலை எல்ம். அங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதன் தழையை ஒடித்துப் போடுவார்கள். ஐரோப்பிய எல்மோடு இதைக் கலந்து, அதில் 'பியா ஸ்வார்ஸ்' ரத்தத்தையும் சேர்த்து வந்ததுதான் 1970-களின் 'லோபெல்'. பிறகு 1990-களில் இமயமலையிலேயே இந்தப் பூஞ்சைக்கு ஒரு பங்காளி இனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மரமும் பூஞ்சையும் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருக்கின்றன. கூட்டம் கூட்டமாக எதுவும் சாவதில்லை.

1980-களின் கடைசியில் விற்பனைக்கு வந்த டச்சு ரகம் தூண் மாதிரி நேராக, ஒடுக்கமாக வளரும். புதிய பூஞ்சையை அது மிக நன்றாகத் தாங்கியது. அதற்கு 'கொலுமெல்லா' என்று பெயர் வைத்தார்கள். ஒரே நகலை ஐரோப்பா முழுக்கப் பரப்பிய ரோமானியர்களின் அந்த எழுத்தாளர் பெயரேதான்! தெரிந்து வைத்த குறும்பா என்றால், 2004 கண்டுபிடிப்பு அப்போது வரவே இல்லை.

1992-ல் டச்சு அரசு எல்ம் கலப்புத் திட்டத்தை நிறுத்தியது. இத்தாலியும் ஸ்பெயினும் தங்கள் தங்கள் ரகங்களோடு வேலையைத் தொடர்ந்தன. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரைகளில் எல்ம் மரங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நோய் கண்ட மரத்தை உடனே வெட்டி அகற்ற ஆள் போட்டு ஒவ்வொரு கோடையிலும் சுற்றி வருகிறார்கள். வெஸ்டர்டைக் பார்னில் வளர்த்தெடுத்த பூஞ்சைச் சேமிப்பு இப்போது உத்ரெக்ட் நகரில் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிருள்ள மாதிரிகளோடு. அந்த நிறுவனத்துக்கு 2017-ல் வெஸ்டர்டைக் பெயரையே வைத்துவிட்டார்கள்.