கொடி பிடித்த ஊரே கை கொடுத்தது

 

'அகதிக்கு வாழ்வு தருவது அரசின் சட்டமா, ஊராரின் உள்ளமா?' உள்ளமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார்: "ஊரை நம்பாதீங்க. ஊர்தான் கல்லெறியும், சட்டம்தான் காப்பாற்றும்."

அம்மா, கல்லெறிந்த ஊருக்கே உங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 370 கிலோமீட்டர். செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர். பெயர் யங். வயசு நூற்றறுபது தாண்டியாச்சு, பேரு மட்டும் இன்னும் யங்! (சிரிப்பு)

பழைய பெயர் லாம்பிங் ஃப்ளாட். 1860இல் அங்கே தங்கம் கிடைத்தது. சீனர்களும் தோண்ட வந்தார்கள். 1861 ஜூன் 30. வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் ஈராயிரத்துக்கும் மேலே திரண்டு, கொடி பிடித்துப் போய்ச் சீனர்களை அடித்து விரட்டினார்கள். கூடாரங்களைக் கொளுத்தினார்கள். சடையை அறுத்தார்கள். கொடியில் என்ன எழுத்து தெரியுமா? 'சீனர் வேண்டாம்!'

சரி, சட்டம் என்ன செய்தது? அடித்தவர்களில் தண்டனை பெற்றவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதே 1861இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் புதுச் சட்டம் ஒன்று போட்டது. யாரைத் தடுக்க? அடிச்சவனையா? இல்லீங்க, அடிபட்ட சீனன் இனிமேல் வரக்கூடாதுன்னு! (கைதட்டல்) ஓடிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனருக்குத் தன் பண்ணையில் தங்க இடம் கொடுத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்ற தனிமனிதர்.

அப்படியே 140 வருஷம் தள்ளி வாங்க. ஆப்கானிஸ்தானில் ஹசாராக்கள் என்றொரு இனம். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீப் நகரைத் தாலிபான் பிடித்தபோது அவர்களைக் கொன்று குவித்தது. தப்பியவர்கள் படகேறினார்கள். 2001 ஆகஸ்டில் நடுக்கடலில் தத்தளித்த 438 பேரை டாம்பா என்ற நார்வே கப்பல் காப்பாற்றியது, பெரும்பாலோர் ஹசாராக்கள். ஆஸ்திரேலிய அரசு அவர்களைக் கரையில் இறக்க மறுத்து, கப்பலுக்குள் ராணுவத்தை ஏற்றியது.

அதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்களுக்கு 1999 முதல் மூன்றாண்டுத் தற்காலிக விசா. மனைவி மக்களை அழைக்க முடியாது. ஒருமுறை நாட்டைவிட்டுப் போனால் திரும்ப முடியாது. பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்காதேன்னு சொல்றதும் சட்டம்தாங்க!

அந்த விசாவோடு சுமார் 90 ஆப்கானியர்கள் வேலை தேடி வந்த ஊர் எது? அதே யங்! ஆடு மாடு வெட்டுகிற இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் பற்றாக்குறை. "வேலைக்கு ஆள் தேவை, அதனால சேர்த்துக்கிட்டாங்க, இதிலே உள்ளம் எங்கே?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. முதல் நாள் காரணம் அதுதான். எல்லாரும் பூச்செண்டோடு நின்றார்கள் என்றும் சொல்லமாட்டேன். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

ஆனால் ஆள் தேவைப்பட்டவர் முதலாளி. சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த ஊர்க்காரருக்கு என்ன தேவை? பாடம் நடத்துகிற இடத்தை எண்ணிப் பாருங்கள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பிள்ளைங்க எத்தனை?" இதானே முதல் பாடம்? அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் மசார்-இ-ஷரீப் வந்துவிடும், படகு வந்துவிடும், பார்க்காத பிள்ளை வந்துவிடும். தலைநகர் கான்பெராவில் அவன் ஒரு கோப்பு எண். இங்கே, பக்கத்து வீட்டுக்காரன், பிள்ளைக்காக ஏங்குகிற தகப்பன்.

கதை தெரிந்தபிறகு 'இவர்களை அனுப்பாதே' என்று குரல் கொடுத்தார்கள். யங் மட்டுமில்லை. 2001 அக்டோபரில் பவ்ரல் என்ற ஊரில், 'அகதிகளுக்காகக் கிராமப்புற ஆஸ்திரேலியர்' என்ற அமைப்பை மூன்று பெண்கள் தொடங்கினார்கள். நாடெங்கும் கிளைகள் முளைத்தன. 2004இல் அரசு கொஞ்சம் இறங்கிவந்து, வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்க வழிவிட்டது. 2008இல் அந்தத் தற்காலிக விசாவையே நீக்கியது.

"விசா கொடுத்தது சட்டம்தானே?" என்று அம்மையார் முணுமுணுப்பது கேட்கிறது. (சிரிப்பு) ஆமாம்மா. ஆனால் 2014இல் அதே விசாவைத் திரும்பக் கொண்டுவந்ததும் உங்க சட்டம்தானே!

நடுவர் மணியடிக்கிறார். ஒன்றே ஒன்று. 1861இல் பிடித்த அந்தக் கொடியை யங் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதிலே 'சீனர் வேண்டாம்' என்ற எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கு.