ஒரு துளையும் ஒரு கண்ணாடியும்

இத்தாலி நாட்டு ஃபுளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் நடுவாயிலுக்கு ஏறத்தாழ ஆறடி உள்ளே ஒருவர் நிற்கின்றார். ஒரு கையில் ஓரடிச் சதுரமான ஓவியப் பலகை. மறு கையில் முகக்கண்ணாடி. பலகையின் முதுகுப்புறத்தில் ஒரு கண்ணை ஒட்டவைத்து, அதிலுள்ள சிறு துளை வழியாக, எதிரே நீட்டிப் பிடித்த கண்ணாடியை நோக்குகின்றார். சிறுபிள்ளை விளையாட்டெனத் தோன்றும் இச்செயல், மேனாட்டு ஓவியக்கலையின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும். நடந்த காலம் 1425ஆம் ஆண்டுக்கு முன்பு. நடத்தியவர் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி (1377–1446).

இவர் பொற்கொல்லராகப் பயின்றவர். 1401ஆம் ஆண்டில், பேராலயத்தின் எதிரேயுள்ள ஞானஸ்நானக் கூடத்துக்கு வெண்கலக் கதவு அமைக்க நடைபெற்ற போட்டியில் கலந்துகொண்டார். பணி கிபெர்ட்டி என்பாருக்குச் சென்றது. பின்னாளில் 1420 முதல் 1436 வரை அப்பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பிப் பெரும்புகழ் எய்தியவரும் இவரே.

அவர் பலகையில் தீட்டியது எண்கோண வடிவிலான அந்த ஞானஸ்நானக் கூடத்தையே. துளை, ஓவியப் பக்கத்தில் ஒரு பருப்பின் அளவினது; பின்புறம் செல்லச் செல்ல விரிந்து ஒரு பொற்காசின் அளவினது. வானம் இருக்கவேண்டிய இடத்தில் அவர் வண்ணம் பூசவில்லை. மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார். மெய்யான வானம் அவ்வெள்ளியில் விழுந்தது; காற்றில் நகரும் மேகமும் அதில் நகர்ந்தது. துளை வழியே கண்ணாடியில் ஓவியத்தைக் கண்டவர் மெய்க்கட்டடத்தையே கண்டதாக எண்ணினர். கண்ணாடியைத் தாழ்த்தினாலோ அதே துளை வழியே, அதே இடத்தில், மெய்க்கட்டடம் நின்றது! அவருடைய வரலாற்றை எழுதிய அந்தோனியோ மானெட்டி, அப்பலகையைத் தம் கையிலேந்திப் பலமுறை பார்த்ததாகக் கூறுகின்றார். பலகை இன்று இல்லை. அவருடைய வருணனையே நமக்கு எஞ்சியுள்ளது.

துளை எதற்கு? இரு கண்களால் நோக்கினால் ஓவியம் தட்டையானது என்பதைக் கண்கள் காட்டிக்கொடுத்துவிடும். மேலும், ஓவியன் எந்த இடத்தில் நின்று கண்டானோ, காண்பவனின் கண்ணும் அந்த இடத்திலேயே அமைதல் வேண்டும். துளை இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றியது. ஒரே உயரமுடைய இரு தூண்களில் ஒன்று இருமடங்கு தொலைவில் நின்றால், ஓவியத்தில் அது பாதி உயரமே பெறும். இக்கணக்கு சரியா என்பதை மெய்க்கட்டடத்தின் எதிரிலேயே வைத்துச் சோதித்தார் அவர். 1435இல் ஆல்பெர்ட்டி என்னும் அறிஞர் ஓவியக்கலை பற்றித் தாம் எழுதிய நூலில் இம்முறைக்கு இலக்கணம் வகுத்தார்.

இனி, காட்சி பற்றிய இவ்வறிவு வந்த வழியைச் சற்றே நோக்குவோம். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து, மிஸ்ரு நாட்டுக் காஹிராவில் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைத்தம் அவர்கள், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஏழு பகுதிகள் கொண்ட நூலை யாத்தார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்பது யூக்ளிட், தாலமி ஆகியோரின் கொள்கை. அன்று, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் சென்று, கண்ணை வந்தடைகிறது என நிறுவினார்கள் அவர்கள். 1200ஆம் ஆண்டையொட்டி இந்நூல் இலத்தீனுக்குச் சென்றது. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியையும் அடைந்தது. வெண்கலக் கதவு செய்த அதே கிபெர்ட்டி, தம் இறுதிக்காலத்தில் எழுதிய நூலில் இதிலிருந்து பல பகுதிகளை எடுத்தாண்டுள்ளார்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், “புருனெல்லெஸ்கி செய்ததெல்லாம் நம்மிடமிருந்து எடுத்ததே” என்று மேடையில் முழங்குவதுண்டு. அது முறையன்று. அவர் அந்நூலைக் கற்றார் என்பதற்குச் சான்றில்லை. இப்னுல் ஹைத்தம் அவர்கள் ஓவியம் வரையும் முறை கூறவும் இல்லை. அவர்கள் ஆராய்ந்தது காட்சியின் இயல்பை. ஒருவர் உழைப்பை மற்றவர் கணக்கில் எழுதுவது நம் முன்னோருக்குப் பெருமை சேர்க்காது. அவர்களோ தாலமியிடம் கற்றதை மறைக்கவில்லை. அவரிடம் கண்ட பிழைகளைத் தனி நூலாக எழுதவும் தயங்கவில்லை.

பெருமைப்படத் தக்கது வேறொன்று உண்டு. சோதனைக்கு அவர்கள் வழங்கிய சொல் ‘இஃதிபார்’. ‘அபர’ என்றால் கடந்தான். படிப்பினையைக் குறிக்கும் ‘இப்ரத்’தும், அரபு வணிகர் நம் கீழைக் கரைக்கு இட்ட ‘மஃபர்’ என்னும் பெயரும் இவ்வேரினவே. கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வதே இஃதிபார். மத்ரஸாக்களில் இச்சொல்லை நாள்தோறும் ஓதுகின்றோம், ஓதுவிக்கின்றோம். ஆயினும் அதன்படி ஒரு விளக்கையேனும் ஏற்றிப் பார்த்தோமா? முப்பதாண்டுகள் ஓதுவித்த நானும் இக்கேள்விக்குத் தலைகுனிபவனே.

எனவே நேயர்களே, இன்றிரவே அவர்கள் காட்டிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். இருண்ட அறையில் மூன்று மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றி, எதிரே சிறு துளையிட்ட அட்டையை நிறுத்தி, அதன் பின்னே வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடியுங்கள். தாளில் மூன்று ஒளிகள் தோன்றும். வலக்கோடி விளக்கைக் கையால் மறையுங்கள். இடக்கோடி ஒளி மறையும், மற்றவை அசையா. மூன்று ஒளியும் ஒரே துளையில் புகுந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை! பிள்ளைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். காரணத்தை நீங்கள் முந்திக் கூறிவிடாதீர்கள், அவர்கள் கேட்கட்டும்.