தமிழ்நாட்டில் பால்வினை நோய்ப் பரிசோதனை: கட்டாயத்திலிருந்து விருப்பத்திற்கு

பால்வினைத் தொற்று உண்டா என்று இளைஞர்கள் தாமாக முன்வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என இன்று அரசு கேட்டுக்கொள்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சோதனை தொடங்கியது விருப்பத்தில் அல்ல, கட்டாயத்தில். அந்தப் பழைய அச்சம் இன்னும் முழுதாக விலகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயப் படைவீரர்களை மேகநோயிலிருந்து காக்கச் சென்னை மாகாணத்தில் ‘லாக் ஹாஸ்பிடல்’ எனப்பட்ட மருத்துவமனைகள் ஏற்பட்டன. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, உடற்சோதனைக்கு உட்படுத்தியது. நோயுள்ளவர்கள் அடைத்து வைக்கப்பட்டனர். அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கு இந்தச் சோதனை எதுவும் இல்லை. எதிர்ப்புகள் வலுத்து, 1888இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1986: ஆறு மாதிரிகள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த செல்லப்பன் நிர்மலாவிடம், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி உள்ளதா என ஆராயும்படி பேராசிரியர் சுனிதி சாலமன் கூறினார். எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பிய காலம் அது. நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் கணவருடன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். டி. ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலில் உறுதியானது. தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அறிவியல் வரலாற்றில் இது பெரிய செய்தி. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு எய்ட்ஸுக்கான சோதனை என்பது தெரியாது. வழக்கமான மேகநோய்ச் சோதனை என்றே எண்ணியிருந்தனர். பின்னர், தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் சிலர் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகே, 1990இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அவர்கள் விடுதலையாயினர். கோவாவில் 1989இல் இரத்ததானம் செய்த டொமினிக் டிசோசா என்ற இளைஞர், தொற்று தெரிந்ததும் 64 நாள் காவலில் வைக்கப்பட்டார். சோதனைக்குப் போனால் பிடித்து வைப்பார்கள் என்று மக்கள் பயந்ததை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

மருந்து வந்த பிறகு

1993இல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. ஆயினும் உண்மையான திருப்பம் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தது. அன்றுதான் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொடக்க மையங்களுள் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அதுவரை சோதனை முடிவு ஏழைக்கு வெறும் கெட்ட செய்தி. அதன்பின் அது சிகிச்சைக்கு வழி ஆயிற்று.

அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் சோதனையும் சேர்ந்து நடக்கும் இடத்திற்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். நோயின் பெயர் பலகையில் இல்லாததே பாதித் தயக்கத்தைக் குறைக்கும். இங்கே முதலில் ஆலோசகர் பேசுவார். ஒப்புதல் பெற்ற பிறகே இரத்தம் எடுப்பார்கள். கட்டணம் இல்லை.

இளைஞர்களும் சிற்றூர்களும்

2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் தமிழகச் சுவர்களையெல்லாம் நிறைத்தது. ஊரே அதைப் பேசியது. ஆனால் புள்ளிராஜா விரைவிலேயே கேலிப்பெயராகிவிட்டார். கேலிக்கு ஆளாகும் பெயரைத் தன்மேல் ஏற்றிக்கொள்ள எந்த இளைஞனும் சோதனைக்கு வரமாட்டான். கல்லூரிகளில் அமைந்த செஞ்சுருள் சங்கங்கள் மாணவர்கள் தமக்குள்ளேயே பேசிக்கொள்ள இடம் தந்தன. அது அமைதியான வேலை, பயனும் கூடுதல்.

பெருநகரில் யாரும் யாரையும் அறியார். கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டை போன்ற பேரூரில் அப்படியில்லை. அங்கிருந்து விருத்தாசலத்திற்கோ உளுந்தூர்பேட்டைக்கோ பேருந்தில் போனாலும், மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் ஒருவர் நின்றுவிடலாம். ‘எதற்கு வந்தாய்?’ என்ற ஒரு கேள்வி போதும், திரும்பிப் போக. பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இன்னொரு தடை. கட்டணமில்லாத 1097 தொலைபேசி எண் இத்தகையோருக்கு முதல் படியாக உதவுகிறது.

தயங்கி நாளைக் கடத்துவதால் இழப்பே மிகும். கிளமிடியா போன்ற தொற்றுகள் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இருந்து, பெண்களுக்குக் குழந்தைப்பேறின்மை வரை கொண்டுபோகும். சிபிலிஸ் புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே தொடரும். தொடக்கத்திலேயே வி.டி.ஆர்.எல். சோதனையில் தெரிந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் புலப்படாமல் போகலாம். எனவே மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்கிறார்கள்.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றிச் சோதனை செய்வதையும் முடிவை வெளியிடுவதையும் தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றை மறுக்கவும் கூடாது. சட்டம் வரையறுத்துள்ள சில விலக்குகள் தவிர, முடிவை யாரிடம் சொல்வது என்பது சோதித்துக்கொண்டவரின் உரிமை.