மன்வந்தரத்தில் ஒரு காதற்கதை

கொல்கத்தாவில் வாழும் தமிழர், வங்காளிகள் கொடும் பஞ்சத்தை 'மன்வந்தரம்' எனக் குறிப்பிடக் கேட்டிருப்பர். நம் புராணங்களில் அது ஒரு மனுவின் காலம். அது முடிந்தால் வேறோர் உலகம்.

வங்க ஆண்டு 1176, அதாவது 1770 ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்கு அப்பெயர் தகும். மழை பொய்த்தது, மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772 இல் இந்நகரிலிருந்து எழுதினார். ஆயினும் 1771 இன் வரி வசூல் 1768 ஐ விஞ்சியது! இறந்தவர் செலுத்த வேண்டியதையும் எஞ்சியவரிடமே தண்டினர்.

பங்கிம் சந்திரர் 1881-82 இல் எழுதிய 'ஆனந்த மடம்' இப்பாழுலகில் தொடங்குகிறது. அதன் 'வந்தே மாதரம்' பாட்டைப் பாரதியார் தமிழாக்கினார். கதையை அறிந்தோர் சிலரே. மகேந்திரனும் கல்யாணியும் ஆளற்ற ஊரை விட்டுக் குழந்தையுடன் நடக்கின்றனர். கணவன் பால் தேடிச் சென்ற வேளையில், பசியால் நரமாமிசத்துக்கும் துணிந்த கூட்டம் அவளைக் கவர்கிறது. தப்பியவள் பின்னர் நஞ்சுண்டு, அதிலும் பிழைக்கிறாள். சாந்தியோ ஆணுடை பூண்டு, கணவன் ஜீவானந்தன் இருக்கும் துறவிப்படையில் சேர்கிறாள். மனைவியைக் கண்டவன் உயிர்விட வேண்டும் என்பது அப்படையின் விதி. இவ்விருளுக்கு நடுவே காதலைச் சொன்னதே நூலின் வலிமை என்பேன்.

முஸ்லிம்கள்மேல் அது காட்டும் பகைமை பெருங்குறை. வரியை உயர்த்திய பழியை ஆசிரியர் முகம்மது ரேசா கான்மேல் சுமத்துகிறார். அவரோ கும்பினி அமர்த்திய அதிகாரி. 1772 இல் கும்பினியே அவரைச் சிறைப்படுத்தி, விசாரணைக்குப் பின் குற்றமற்றவரென விடுவித்தது.