விளக்கேந்திய தூதர் பிறந்த கதை

மரத்தில் கடைந்த ஒரு பொம்மை. சின்னது என்றால் ஒரு சாண் உயரம் இருக்கும். மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் கீழே விரியும் நீளப் பாவாடை, அதற்கு மேல் சமையற்கட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்போல ஓர் ஏப்ரன், தலையில் குட்டிக் கிரீடம், முதுகில் இரண்டு இறக்கை. நீட்டிய கைகளில் கைக்கொரு மெழுகுவத்தி. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டி நீளும் எர்ட்ஸ்கெபிர்கெ மலையூர்களில் டிசம்பர் பிறந்துவிட்டால், இந்தத் தேவதூதர் நிற்காத சன்னலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறான். கறுப்புச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, உயரத் தொப்பி, ஈரப் பாறையில் உட்கார்ந்தால் நனையாமலிருக்கப் பின்பக்கம் கட்டிய தோல். அவன் சுரங்கத் தொழிலாளி. அவன் கைகளிலும் விளக்கு.

தேவதூதருக்குத் துணையாக மேய்ப்பனை வைக்கலாம், யோசேப்பை வைக்கலாம். தாது வெட்டுகிறவனை எதற்கு வைத்தார்கள்? இந்தப் பொம்மையின் பிறப்பே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

எர்ட்ஸ்கெபிர்கெ என்றாலே தாது மலை என்றுதான் பொருள். 1168-ல் ஃப்ரைபெர்க் பக்கத்தில் வெள்ளி அகப்பட்டது. 1492-ல் மலையின் இன்னும் உட்புறத்தில், ஷ்ரெக்கென்பெர்க் குன்றில் வெள்ளி தட்டுப்பட்டது. நான்கே ஆண்டில் அங்கே ஒரு நகரம் எழும்பிவிட்டது. அதுதான் அன்னாபெர்க். வெள்ளியைக் கண்டவர் காஸ்பர் நிட்சல் என்று வரலாறு சொல்கிறது. ஊர் ஜனங்கள் சொல்லும் கதை வேறு.

தானியேல் என்று ஓர் ஏழை. வீட்டில் கஷ்டம். ஒரு நாள் கனவில் தேவதூதர் வந்து, காட்டில் இன்ன மரத்தின் கிளையில் ஒரு கூடு இருக்கிறது, அதில் விலைமதிப்பில்லாத முட்டைகள் இருக்கின்றன, போய் எடுத்துக்கொள் என்றார். விடிந்ததும் போனான். மரம் இருந்தது. ஏறினான், கிளை கிளையாகத் தேடினான், கூட்டையே காணவில்லை. மனமுடைந்து இறங்கியவனுக்கு அப்போதுதான் உறைத்தது: கிளை என்றால் மேலே இருப்பதுதானா? வேருக்கும் கிளை உண்டே! அடிமரத்தைத் தோண்டினான். வெள்ளி ஓடியது.

இந்தக் கதையை ஊரார் வாயோடு விட்டுவிடவில்லை. அன்னாபெர்கில் புனித அன்னாள் தேவாலயத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வைத்த பீடம் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் 1521-ல் ஹான்ஸ் ஹெஸ்ஸெ என்ற ஓவியர் வரைந்த படத்தில் தானியேலும் மரமும் தூதரும் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றிக் குழி வெட்டுகிறார்கள், கூடை சுமக்கிறார்கள், தாது கழுவுகிறார்கள், வெள்ளி உருக்குகிறார்கள், நாணயம் அடிக்கிறார்கள். பீடத்தில் புனிதர்களை எதிர்பார்க்கிற கண்ணுக்கு வேர்வை வழியும் கூலிக்காரர்கள் தென்படுகிறார்கள். தூதரும் தொழிலாளியும் ஜோடி சேர்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ‘தூதர்’ என்ற நம் சொல்லே சேதி கொண்டுவருகிறவரைத்தான் குறிக்கிறது. இந்தத் தூதர் கொண்டுவந்த சேதி மண்ணைத் தோண்டச் சொல்லும் சேதி.

ஆனால் தோண்டுகிறவன் வாழ்வில் வெளிச்சம் இல்லை. அந்த மலையில் குளிர்காலப் பகல் மிகவும் குறுகியது. பொழுது விடியுமுன் குழிக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு ஏறி வருகிறவன் வாரக் கணக்கில் சூரியனைக் காணமாட்டான். உள்ளே அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு சிறு மரக்கூடு. உட்புறம் பித்தளைத் தகடு அடித்து, நடுவில் ஒரு சுடர் எரியும். அது அணைந்தால் கண்ணைத் திறந்தாலும் ஒன்று, மூடினாலும் ஒன்று. ‘க்ளுக் ஆஃப்’ என்பது அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து. தாது அகப்படட்டும் என்ற ஆசையும், பத்திரமாக மேலே வந்து சேர் என்ற வேண்டுதலும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடும்.

அதனால்தான் கிறிஸ்துமஸ் அங்கே விளக்குகளின் திருநாளாயிற்று. பண்டிகைக்கு முந்தைய கடைசி ஷிப்டை முன்கூட்டியே முடித்துக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் தட்டிச் சைகை கொடுத்ததும் எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஜெபம் சொல்லி, பாட்டுப் பாடி, சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். பனி மூடிய வழியில் சன்னல் விளக்குகள்தான் அவர்களுக்கு வழிகாட்டி என்று இன்றும் சொல்கிறார்கள்.

வெள்ளியும் தகரமும் குறையக் குறைய, பிழைப்பு மரத்துக்கு மாறியது. சைஃபன் என்ற கிராமத்தில் தகரச் சுரங்கம் 1849-ல் மூடப்பட்டது. அதற்கு வெகு முன்பே அங்கே கடைசல் வேலை ஊன்றிவிட்டது. தாது இடித்த நீர்ச்சக்கரங்கள் கடைசல் இயந்திரங்களைச் சுழற்றின. அப்பா கடைவார், அம்மா ஒட்டுவார், பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துச் சாயம் தீட்டுவார்கள். கூலி கொஞ்சம்தான். இந்தப் பட்டறைகளில்தான், 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், விளக்கேந்திய தூதர் இப்போது நாம் காணும் வடிவத்துக்கு வந்தார். தேவாலயப் பீடத்தருகே மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் தூதர் சிலைகளை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த நிற்கும் வாகை எடுத்துக்கொண்டார்கள். உடுப்பை மட்டும் தங்கள் வீட்டுப் பெண்களிடமிருந்து எடுத்தார்கள். அந்த ஏப்ரன்மேல் எனக்குத் தனி வாஞ்சை. பரலோகத்துக்கு அது தேவையில்லை. விளக்கேற்றி வைத்துவிட்டுப் புருஷன் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவிக்குத்தான் தேவை.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. பாறை சரிந்தால் ஒரு நொடி. சரியாவிட்டாலும் அதே மலையின் ஷ்னேபெர்க் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் நடுவயதிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். ‘மலை நோய்’ என்று மட்டும் அதற்குப் பெயர் இருந்தது. அது நுரையீரல் புற்றுநோய் என்று ஹெர்ட்டிங், ஹெஸ்ஸெ என்ற இரு மருத்துவர்கள் 1879-ல் எடுத்துச் சொன்னார்கள். பாறையிலிருந்து கசியும் ராடான் வாயுதான் காரணம் என்பது பிற்பாடு தெரியவந்தது. தெரியாத அந்தக் காலமெல்லாம் சன்னலில் விளக்கு வைக்கத்தான் அவளால் முடிந்தது.

1915-ல் அதே மலைப்பகுதியின் க்ரூன்ஹைனிஷன் என்ற ஊரில் க்ரேட்டெ வெண்ட், மார்கரேட்டெ க்யூன் என்ற இரு பெண்கள் சேர்ந்து பட்டறை வைத்தார்கள். 1923 முதல் அங்கே வாத்தியம் வாசிக்கும் குட்டித் தூதர்கள் பிறந்தார்கள். பச்சை இறக்கையில் பதினொரு வெள்ளைப் புள்ளி. இன்றும் அந்தப் புள்ளிகளைக் கையால்தான் வைக்கிறார்கள். 1937 பாரீஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வரை அவை போயின. ஆனாலும் மலை ஜனங்களின் மனசு அந்தப் பழைய ஜோடியிடம்தான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சன்னலில் ஒரு தொழிலாளி, பெண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு தூதர். தெருவில் போகிறவர் எண்ணிப் பார்த்தே இந்த வீட்டில் இரண்டு பையன், ஒரு பெண் என்று சொல்லிவிடலாம்.

அதே மலையின் ஆல்டென்பெர்க் என்ற ஊரில் நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய தகரச் சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. அந்த ஊர்ப் பையன்கள் இப்போது தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். பாறையை ஒருநாளும் தொட்டிராத அந்தப் பையன்களுக்காகவும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கியதும் அம்மாக்கள் பெட்டியைத் திறந்து, வைக்கோலைத் தட்டி, கறுப்புச் சட்டைக்காரனை எடுத்துச் சன்னலில் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் அவளை நிறுத்துகிறார்கள். பிறகு நான்கு மெழுகுவத்தியையும் ஏற்றுகிறார்கள்.